இறந்தோர் திருமணம்

இறந்தோர் திருமணம் என்பது, மணமக்களில் ஒருவரோ இருவருமோ உயிருடன் இல்லாத நிலையில், சடங்கு வழியாகவோ சட்டத்தின் வழியாகவோ நடத்தப்பெறும் திருமணமாகும். சீனா, தைவான், ஜப்பான், தென்னிந்தியாவின் துளுநாடு, தெற்குச் சூடான், பிரான்சு ஆகிய, சமயத்தாலும் குடும்ப அமைப்பாலும் பெரிதும் வேறுபட்ட இடங்களில் இவ்வழக்கம் காணப்படுகிறது. மணமாகாமல் ஒருவர் இறக்கும்போது அவருக்குரிய வழிபாடு, வாரிசு, பிறக்கவிருக்கும் குழந்தைக்குத் தந்தையின் பெயர் முதலியன முடிவுபெறாத கடமைகளாக உறவினரிடம் தங்கிவிடுகின்றன. அக்கடமைகளை நிறைவேற்றும் வழியாகவே இத்திருமணம் பெரும்பாலும் தோன்றியுள்ளது.

சீனா

இவ்வழக்கம் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் சீனாவைச் சேர்ந்தவை. அங்கு இது ‘மிங்ஹுன்’ எனப்படுகிறது. சௌ அரசின் ஆட்சிமுறையை விவரிக்கும் ‘சௌ லி’ என்னும் தொன்மையான நூல், இளவயதில் இறந்தோரை மணமுடித்து ஒரே குழியில் அடக்குவதைத் தடைசெய்கிறது. தடை விதிக்க நேர்ந்ததிலிருந்தே வழக்கம் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது புலனாகும். கி.பி. 208-இல் படைத்தலைவர் சாவ் சாவ், இளவயதில் இறந்த தம் மகன் சாவ் சோங்கிற்கு, அறிஞர் பிங் யுவானின் இறந்த மகளை மணமகளாகக் கேட்டார். அது முறையான சடங்கன்று எனக் கூறி அறிஞர் மறுத்துவிடவே, செண் குடும்பத்தைச் சேர்ந்த இறந்த பெண்ணொருத்தி சிறுவனுடன் சேர்த்து அடக்கம் செய்யப்பட்டாள்.

தாங் அரசமரபின் காலத்தில் இவ்வழக்கம் அரண்மனையிலும் இடம்பெற்றது. இளவரசர் லி சோங்ருன் தம் பாட்டியான பேரரசி வூ செதியனின் சினத்துக்கு ஆளாகி 701-இல் உயிரிழந்தார். அவருடைய தந்தை மீண்டும் அரியணை ஏறியபின், 706-இல் மகனின் உடலை அரச மரியாதையுடன் மறுஅடக்கம் செய்து, பெய் சுய் என்பவரின் இறந்த மகளை அவருக்கு மணமுடித்துவைத்தார். 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ, மங்கோலியரிடையே இருந்த இத்தகைய வழக்கம் ஒன்றை விவரித்துள்ளார். இறந்த மகனுக்கும் இறந்த மகளுக்கும் பெற்றோர் திருமண ஒப்பந்தம் எழுதி எரிப்பர். ஆட்கள், குதிரைகள், துணிமணிகள் ஆகியவற்றின் உருவங்களைத் தாளில் வரைந்து அவற்றையும் எரிப்பர். அதன்பின் இரு குடும்பங்களும் மெய்யான சம்பந்திகளாகவே பழகி வந்தன.

தந்தைவழிக் குடும்ப அமைப்பே இதற்கு அடிப்படைக் காரணமாகும். சீன மரபில் மணமாகாத பெண்ணின் பெயர்ப்பலகைக்குப் பிறந்த வீட்டின் முன்னோர் பீடத்தில் இடமில்லை. கணவன் வீட்டுப் பீடத்திலேயே அவளுக்கு இடம் உண்டு. ஆகவே இறந்த மகளுக்கு வழிபாடு கிடைக்க வேண்டுமாயின் அவளை மணமுடித்துக் கொடுத்தாக வேண்டியிருந்தது. தைவானில் அவளுடைய குடும்பத்தார் பணமும் அவளுடைய பிறப்புக் குறிப்பும் அடங்கிய சிவப்பு உறையைத் தெருவில் வைத்துவிட்டு மறைந்து காத்திருப்பர். அதை எடுக்கும் ஆடவரிடம் அவளை மணக்குமாறு வேண்டுவர். அவர் உயிருள்ள மனைவியுடன் வாழத் தடையில்லை. எனினும் இறந்தவள் மூத்த மனைவியாக மதிக்கப்பெற்று, அவளுடைய பெயர்ப்பலகை அவ்வீட்டில் வழிபடப்பட்டது.

ஜப்பான்

வட ஜப்பானில் இறந்தவருக்குத் துணையாக உயிருள்ளவரோ மற்றொரு சடலமோ தேடப்படுவதில்லை. உருவமே துணையாக அமைகிறது. வடக்கே ஆவோமோரி மாவட்டத்தின் சுகாரு பகுதியில், மணமாகாமல் இறந்த இளைஞரின் ஒளிப்படத்துடன் மணக்கோலப் பொம்மை ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கோயிலில் ஒப்படைப்பர். போரில் மாண்ட மகன்களுக்காகப் பெற்றோர் இவ்வாறு வைத்த பொம்மைகளும் அங்குண்டு. யமகதா மாவட்டத்தில் இறந்தவரை மணக்கோலத்தில் வரைந்த ‘முகசாரி எமா’ என்னும் பலகைச் சித்திரம் காணிக்கையாக்கப்படுகிறது. உயிருடன் இருக்கும் எவரையும் அதில் துணையாக வரையலாகாது என்பது அங்குள்ள விதி.

துளுநாடு

கர்நாடகத்தின் தட்சிண கன்னட, உடுப்பி மாவட்டங்களிலும் கேரளத்தின் காசர்கோட்டிலும் துளு பேசும் சில சமூகத்தார், குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ இறந்தவர்களுக்குத் திருமணம் செய்துவைக்கின்றனர். இது ‘குலெ மதிமெ’ என்றும் ‘பிரேத கல்யாணம்’ என்றும் வழங்குகிறது. வீட்டில் திருமணம் தட்டிப்போவதும் தொல்லைகள் தொடர்வதும் இறந்த பிள்ளையின் மனக்குறையால் என்று கருதப்படும்போது, குடும்பத்தார் அப்பிள்ளைக்குத் தக்க வரன் தேடுகின்றனர். மணமகனும் மணமகளும் இருவருமே இறந்தவர்களாக இருப்பர். ஆயினும் குலம், கோத்திரம், வயதுப் பொருத்தம் ஆகியவை பார்க்கப்படுகின்றன, நிச்சயதார்த்தமும் உண்டு. பெரும்பாலும், தமிழரின் ஆடியை ஒட்டிவரும் ஆட்டி மாதத்தில் இத்திருமணம் நடைபெறுகிறது. மணமகன் வீட்டார் கொண்டுவரும் புடவை மணமகளுக்குரிய இருக்கையில் சார்த்தப்பட்டு, அவள் அணிந்துகொள்வதற்கென நேரமும் விடப்படுகிறது. பின்னர் உறவினர்கள் மணமக்களின் ஆடைகளை ஏந்தி வலம்வந்து, மாலை மாற்றி, விருந்துண்டு கலைகின்றனர். குழந்தைகளும் மணமாகாதவர்களும் இதைப் பார்க்க அனுமதிக்கப்படுவதில்லை.

நுவேர் மக்கள்

தெற்குச் சூடானில் மாடு வளர்த்து வாழும் நுவேர் மக்களிடையே இத்திருமணத்தின் நோக்கம் வாரிசு பெறுவதாகும். ஆண் வாரிசின்றி ஒருவர் இறந்தால், அவருடைய தம்பியோ நெருங்கிய உறவினரோ அவர் பெயரால் மாடுகளைப் பரிசமாகக் கொடுத்து ஒரு பெண்ணை மணந்து வருவார். உடன் வாழ்பவர் உறவினரேயாயினும், பிறக்கும் குழந்தைகளுக்குச் சட்டப்படி தந்தை இறந்தவரே ஆவார். மானிடவியலாளர் ஈவன்ஸ்-பிரிட்சர்டு 1951-இல் வெளிவந்த தம் நூலில் இதை விரிவாக ஆராய்ந்து, அண்ணனின் விதவையைத் தம்பி ஏற்கும் வழக்கத்திலிருந்து இதனைப் பிரித்துக் காட்டினார். விதவை முன்னரே இறந்தவரின் மனைவியாக இருந்தவள், இவளோ அவர் இறந்தபின் மனைவியாக்கப்பட்டவள்.

பிரான்சு

பிரான்சில் இது உரிமையியல் சட்டத்தின் வழியாக அமைந்தது. 1959 டிசம்பர் 2 அன்று, தெற்குப் பிரான்சின் ஃபிரேஷுஸ் நகருக்கு மேலிருந்த மல்பாசே அணை உடைந்து 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஒருவரை மணக்கவிருந்த, கருவுற்றிருந்த இளம்பெண், அங்கு வந்த குடியரசுத் தலைவர் தெ கோலிடம் திருமணத்துக்கு இசைவு வேண்டினார். அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே சட்டம் இயற்றப்பட்டு, உரிமையியல் சட்டத்தொகுப்பின் 171-ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. அதன்படி, தக்க காரணம் இருந்து, இறந்தவர் மணத்துக்கு உறுதியாக இசைந்திருந்தார் என்பதும் ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட்டால், குடியரசுத் தலைவர் அனுமதி வழங்கலாம். திருமணம் இறப்புக்கு முந்தைய நாளிலேயே நடந்ததாகக் கொள்ளப்படும். உயிருடனிருக்கும் துணை உயிலின்றி வாரிசுரிமை கோர முடியாது. ஆகவே சொத்துக்காக இதை நாடுவதற்கு இடமில்லை. பாரிசில் 2017 ஏப்ரலில் பணியின்போது சுட்டுக் கொல்லப்பட்ட காவலர் சவியே ஷுஷெலேவுக்கும் அவருடைய ஆண் துணைவருக்கும் அடுத்த மாதமே இப்பிரிவின்படி திருமணம் நடந்தது.

இன்றைய நிலை

சீன மக்கள் குடியரசில் ஷான்ஷி போன்ற வட மாநிலங்களின் ஊர்ப்புறங்களில் வழக்கம் மறைந்தும் மறையாமலும் நீடிக்க, மணமகளாக்குவதற்கென்றே பெண்களின் சடலங்கள் கல்லறைகளிலிருந்து திருடப்பட்டு விற்கப்படுகின்றன. சடலத் திருட்டு அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 302-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. மகனை இழந்த ஒரு குடும்பத்தின் ஆறுதல் மற்றொரு குடும்பத்தின் மகளைக் கல்லறையிலிருந்தே பறிப்பதாக இங்கு மாறிவிட்டது. பொம்மையும் புடவையும் ஓவியமும் கொண்டு நடைபெறும் சடங்குகளில் இக்கொடுமைக்கு வழியில்லை. இவ்வழக்கங்களுள் பெரும்பாலானவை உறவினரின் விருப்பத்தையே போதுமானதாகக் கொள்ள, இறந்தவரின் சொந்த இசைவுக்குச் சான்று கேட்கும் பிரெஞ்சுச் சட்டம் இவ்வழக்கத்தின் நெடிய வரலாற்றில் தனித்து நிற்கிறது.