வேதாளத்துக்கு முகம் தந்தவர்

சின்னனில நெடுந்தீவுப் பெருக்கமரத்தடியால போக எங்களுக்குப் பயம். வேதாளம் தொங்கினது முருங்கையில எண்டுதான் கதை. ஆனா இந்தப் பருத்த மரம்தான் அதுக்குப் பொருத்தம் எண்டு நினைச்சிருந்தம்.

அந்தப் பயத்தைத் தந்தது அம்புலிமாமாவின் ஒரு படம்: தோளில் பிணம், கையில் வாள், சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன். வரைந்தவர் கே. சி. சிவசங்கரன் என்ற 'சங்கர்'. 1924இல் பிறந்தவர். சென்னையில் ஓவியம் படித்து, 'கலைமகளில்' வேலை செய்து, 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்தார். பிறகு அறுபது வருசமளவில, சம்பளத்துக்கு அரக்கரையும் ஆவிகளையும் வரைந்துகொண்டே இருந்தார். கதையை மட்டும் மொழிக்கு மொழி மாத்தினார்கள், படம் அதேதான். தெலுங்குப் பிள்ளைக்கும் எங்களுக்கும் ஒரே வேதாளம்!

அவரின்ர பெயரை நாங்கள் தேடினது 2020 செப்டெம்பரில், அவர் இறந்த செய்தி வந்த பிறகுதான். பத்மஸ்ரீ அறிவிச்சதும் அதுக்குப் பிறகு, 2021இல.