பாண்டி பஜார் கைதுகள், 1982: கொழும்பின் கோரிக்கையும் டெல்லியின் பதிலும்

1982 மே 19 அன்று சென்னை பாண்டி பஜாரில் ஈழ இயக்கத் தலைவர்கள் இருவர் துப்பாக்கியுடன் மோதிக்கொண்டனர். ஒரு பக்கம் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனும் ராகவனும். மறுபக்கம் புலிகளிடமிருந்து பிரிந்து 'புளொட்' இயக்கத்தைத் தொடங்கிய உமா மகேசுவரனும் கண்ணனும். கண்ணன் குண்டடிபட்டார். ஓடப் பார்த்த பிரபாகரனையும் ராகவனையும் கடைத்தெருவில் இருந்தவர்களே விரட்டிப் பிடித்தனர். தப்பிய உமா மகேசுவரன் மே 25 அன்று கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் சிக்கினார்.

ஊர்ச் சண்டை என்று தொடங்கிய வழக்கு சில நாட்களிலேயே இரு அரசுகளின் விவகாரமானது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டுவந்திருந்த இலங்கையின் ஜெயவர்த்தனா அரசு, பிடிபட்டவர்களை ஒப்படைக்கக் கோரியது. இலங்கைப் போலீஸ் தலைவர் ருத்ரா ராஜசிங்கம் சென்னைக்கே வந்தார். இந்தியாவின் 1962ஆம் ஆண்டு நாடுகடத்தல் சட்டம் அரசியல் தன்மையுள்ள குற்றங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் எது அரசியல் குற்றம் என்று முடிவு செய்வதில் சட்டப் புத்தகத்தைவிட அரசின் மனநிலைக்கே எடை அதிகம்.

அந்த மனநிலையை உருவாக்கியது தமிழ்நாடு. 1973இல் இங்கே பிடிபட்ட ஈழப் போராளி குட்டிமணியை இலங்கையிடம் ஒப்படைத்தது பலருக்கு ஆறாத வடுவாக இருந்தது. ஜூன் 1 அன்று பழ. நெடுமாறன் கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டம், யாரையும் ஒப்படைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. எம்.ஜி.ஆர். அரசும் அனுப்பிவைக்க முன்வரவில்லை; இந்திரா காந்தி அரசு கொழும்பின் கோரிக்கைக்கு இணங்கவில்லை. ஆகஸ்டில் நிபந்தனை ஜாமீன் கிடைத்தது. பிரபாகரன் மதுரையிலும் உமா மகேசுவரன் சென்னையிலும் தங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த மறுப்பு சரியானதே. மீண்டும் 1981இல் இலங்கையில் பிடிபட்டு மரண தண்டனை பெற்ற குட்டிமணி, 1983 ஜூலை 25 அன்று வெலிக்கடைச் சிறைக்குள் சக கைதிகளால் கொல்லப்பட்ட 35 தமிழர்களில் ஒருவர். அரசின் காவலில் இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஒப்படைக்கப்பட்டவர்களின் உயிருக்கு யார் உத்தரவாதம் தந்திருக்க முடியும்? குர்து தலைவர் ஒசலானை 1998இல் துருக்கியிடம் ஒப்படைக்க இத்தாலி மறுத்ததற்கும் அங்கே மரண தண்டனை இருந்ததே காரணம்.

டெல்லி எப்போதும் ஒரே நிலையில் நிற்கவில்லை. இலங்கை அரசுக்கும் தமிழர் தரப்புக்கும் இடையிலான திம்பு பேச்சுவார்த்தை முறிந்த 1985 ஆகஸ்டில், ஈழத் தமிழர் தரப்பின் பாலசிங்கம், சத்தியேந்திரா, சந்திரகாசன் மூவரையும் வெளியேற்ற உத்தரவிட்டது. தமிழ்நாடு கொதித்தெழவே உத்தரவைத் திரும்பப் பெற்றது. 1986 நவம்பரில், பெங்களூரு சார்க் மாநாட்டுக்குச் சில நாட்கள் முன்பு, தமிழ்நாடு போலீஸ் இயக்கத்தவர்களை வளைத்துப் பிடித்து ஆயுதங்களைப் பறித்தது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதத்தில், பிரிவினை கோரும் இலங்கைக் குடிமக்களை நாடுகடத்துவதாக ராஜீவ் காந்தி எழுத்திலேயே உறுதியளித்தார். புலிகள் மீது குற்றம் சாட்டப்பட்ட ராஜீவ் கொலைக்குப் பிறகு, 1995 ஜூனில், பிரபாகரனை ஒப்படைக்கும்படி கொழும்பிடம் கோரிக்கை வைத்தது இந்தியா.