திசைமாற்றிக் கரம்

திசைமாற்றிக் கரம் என்பது மோட்டார் வாகனத்தின் முன்சக்கரத்தைத் திருப்பும் எஃகு உறுப்பு ஆகும். பட்டறைகளில் இது ஸ்டியரிங் ஆர்ம் என்று அழைக்கப்படுகிறது. பழைய வாகனங்களின் முன் அச்சை மாற்றி அமைப்போரும், பந்தயத்திற்கெனத் தனிக் கார் கட்டுவோரும் இக்கரத்தைப் புதிதாகச் செய்துகொள்வதுண்டு. கரத்தின் வலிமையைப் போலவே அதன் சாய்வும் வாகனத்தின் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது.

அமைப்பு

முன்சக்கரம் ஸ்டப் ஆக்சிலில் பொருத்தப்பட்டு, கிங் பின் என்னும் செங்குத்து முளையைச் சுற்றித் திரும்புகிறது. ஸ்டப் ஆக்சிலிலிருந்து நீளும் திசைமாற்றிக் கரத்தின் மறுமுனையில் டை ராட் இணைகிறது. டை ராட் இரு சக்கரங்களின் கரங்களையும் பிணைத்து, அவற்றை ஒன்றாகத் திரும்பச் செய்கிறது. கரம் குட்டையானால் வாகனம் விரைவாகத் திரும்பும். ஆனால் ஓட்டுநர் கூடுதல் விசை செலுத்த வேண்டியிருக்கும்.

அக்கர்மன் வடிவவியல்

வளைவில் உட்சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. எனவே உட்சக்கரம் அதிகமாகத் திரும்ப வேண்டும். மியூனிக் நகர வண்டி கட்டுநர் லாங்கென்ஸ்பெர்கர் வகுத்த இம்முறைக்கு, 1818 இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ருடால்ஃப் அக்கர்மனின் பெயரே நிலைத்துவிட்டது.

நடைமுறையில், கிங் பின்னையும் டை ராட் முனையையும் இணைக்கும் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், அது பின் அச்சின் நடுவை ஏறத்தாழத் தொட வேண்டும். எடுத்துக்காட்டாக, முன் பின் அச்சுகளின் இடைவெளி 2400 மி.மீ., கிங் பின்களின் இடைவெளி 1200 மி.மீ. எனக் கொள்வோம். கரம் உட்புறமாகச் சுமார் 14 பாகை சாய வேண்டும். 150 மி.மீ. நீளமுள்ள கரத்தில் இது 36 மி.மீ. விலகல் ஆகும். இத்தகைய வாகனத்தில் உட்சக்கரம் 30 பாகை திரும்பும்போது வெளிச்சக்கரம் சுமார் 24 பாகை திரும்புவதே சரியானது.

தனியாகச் செய்தல்

அமெரிக்காவின் ஹாட் ராட் கார்களில் முன் அச்சைத் தாழ்த்தும்போது, டை ராட் சட்டத்தில் இடிக்காமலிருக்கக் கரத்தை வளைப்பர் அல்லது புதிய கரம் செய்வர். தடித்த மென் எஃகுத் தகட்டிலிருந்து வடிவத்தை வெட்டி, வளைக்க வேண்டிய இடத்தைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சி வளைத்து, மெதுவாக ஆறவிடுவர். செஞ்சூட்டில் நீரில் அமிழ்த்தினால், கரிமம் மிகுந்த எஃகு எளிதில் உடையும் தன்மை பெறும். டை ராட் முனையின் கூம்புக்கு ஏற்ற ரீமரால் துளையைச் சரிசெய்ய வேண்டும். கூம்பு முழுதும் பதியாவிடில் முனை ஆடித் தேயும். இறுதியில் காடியுள்ள நட்டைக் காட்டர் பின்னால் பூட்டுவது கட்டாயமாகும்.

இடவசதிக்காக டை ராடை அச்சின் முன்பக்கம் மாற்றுவோர், வலக் கரத்தை இடப்புறமும் இடக் கரத்தை வலப்புறமும் மாட்டிவிடுவதுண்டு. அப்போது முன்னோக்கிய கரங்கள் உட்புறமாகவே சாய்கின்றன. வளைவில் வெளிச்சக்கரம் அதிகமாகத் திரும்பி, டயர்கள் இழுபட்டுத் தேயும். முன்பக்கக் கரம் வெளிப்புறமாகச் சாய வேண்டும். அதற்குப் பிரேக் டிரம்மும் சக்கரமும் இடம் தருகின்றனவா என முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு

கரம் முறிந்தால் அந்தச் சக்கரம் ஓட்டுநரின் கட்டுப்பாட்டிலிருந்து விலகிவிடும். அதைத் திருப்ப மாற்று இணைப்பு எதுவும் இல்லை. ஆகவே தொழிற்சாலைகளில் கரங்கள் ஃபோர்ஜிங் முறையில் செய்யப்பட்டு வெப்பப் பதப்படுத்தப்படுகின்றன. அவற்றை வெட்டி ஒட்டுவதும், வெல்டிங் செய்வதும் தவிர்க்கத்தக்கவை. குரோம் முலாம் பூசும்போது ஹைட்ரஜன் புகுந்து கடின எஃகை உடையச் செய்யக்கூடும். நுண்விரிசல்களைக் காந்தத் துகள் சோதனை அல்லது சாயம் ஊடுருவல் சோதனை மூலம் கண்டறியலாம்.

சென்னைப் பகுதியில்

திருநின்றவூர் அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்திலேயே சோழவரமும் உள்ளது. அங்கிருந்த இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயங்கள் நடைபெற்றன. சொந்தமாகக் கட்டப்பட்ட கார்களும் அங்கு ஓடின. 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் திறக்கப்பட்டது. திருநின்றவூரிலிருந்து சென்னை செல்லும் இரயில் பாதையில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும், 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும் உள்ளன. இதனால் லேத், மில்லிங், வெப்பப் பதப்படுத்தல் ஆகிய வேலைகளை அறிந்த தொழிலாளர் இப்பகுதியில் மிகுதி.

சட்டநிலை

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் அளித்த தீர்ப்பில் இதனை உறுதிசெய்தது. எனவே முன் அச்சையே மாற்றியமைத்த வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்ட முனைவோர், முன்னதாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெளிவு பெறுவது இன்றியமையாதது.