நிற்கிற இருவர்: சரக்கு வண்டிக்கும் கடைக்கும் இடையில் ஒரு வரலாறு

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற சாலையில் இருக்கிறது சேத்தூர். அந்தச் சாலையோரக் கடைகளில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்தக் கடைவாசலிலும் கேட்கக்கூடிய பேச்சு இது: ‘அண்ணே, சீக்கிரம் இறக்குங்க, இன்னும் நாலு கடை பாக்கணும்.’ ‘யாவாரம் ஓடிட்டிருக்கு, கண்ணு தெரியலையா? சித்த நில்லுங்க.’ டிரைவருக்குக் கடைப்பையன் திமிர் பிடித்தவன். கடைப்பையனுக்கு டிரைவர் அவசரக்காரன். இதை மரியாதைக் குறைவு, மனிதர்களின் குணக்கேடு என்று பேசி முடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால் இந்தச் சண்டைக்கு ஒரு வரலாறு உண்டு. அது காத்திருப்பின் வரலாறு.

இந்த வட்டாரத்து வணிகத்தின் பழைய வடிவம் ஒன்றைப் பார்க்க விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பக்கம் போகவேண்டும். தெற்கிலிருந்து வந்த நாடார் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டில் அங்கே பேட்டைகளைக் கட்டினார்கள். வண்டி, மாடு, சரக்கு மூன்றுக்கும் மதில் சூழ்ந்த காப்பிடம் அது. பேட்டையில் வசூலான மகமை உறவின்முறையின் பொதுப்பணமாகி, பள்ளிக்கூடம்வரை போயிற்று. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கியது. கொண்டுவருபவன் வேறு, விற்பவன் வேறு என்ற பிரிவினை அங்கே இன்னும் கெட்டிப்படவில்லை. வண்டி நிற்கிற நேரம் விலை பேசுகிற நேரமாகவும் இருந்தது. இதைப் பொற்காலம் ஆக்கவேண்டியதில்லை. பேட்டையின் மதில் சாதியின் மதிலும்தான். உள்ளே இருந்த ஒற்றுமை வெளியே இருந்தவர்களுக்கானது அல்ல. நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: காத்திருப்பு அங்கே யாருக்கும் நஷ்டக் கணக்காக எழுதப்படவில்லை.

விருதுநகர் – தென்காசி ரயில்பாதை 1927இல் வந்தது. பிறகு லாரி. சரக்கு கொண்டுபோவது தனித் தொழிலாகியது. டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு, லோடுமேனுக்கு மூட்டைக்கு இவ்வளவு, கடைப்பையனுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று கூலி மூன்று விதமாகப் பிரிந்தது. அரைமணி நேரம் நின்றால் டிரைவருக்கு ஒரு நடை போகிறது. வாடிக்கையாளரை விட்டுவிட்டுச் சரக்கை எண்ணப்போனால் கடைப்பையனுக்கு முதலாளியிடம் ஏச்சு விழுகிறது. ஒருவனுடைய அவசரம் இன்னொருவனுடைய இடைஞ்சல். இரண்டையும் உண்டாக்கியவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், அல்லது கண்ணுக்கே தெரியாத ஊரில் இருக்கிறார்.

சட்டமும் இந்தப் பிரிவினையை அப்படியே எழுதிக்கொண்டது. கடை ஊழியருக்கு 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம். மோட்டார் தொழிலாளிக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம். சுமை தூக்குபவர் உள்ளிட்ட உடலுழைப்புத் தொழிலாளருக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம். ஒரே வாசலில் நிற்கிற மூவருக்கு மூன்று பதிவேடுகள். இவற்றில் 1961ஆம் ஆண்டுச் சட்டம் வினோதமானது. வண்டி போய்ச்சேரும் முனைகளில் சும்மா காத்திருப்பதை அது கணக்கில் எடுத்தது. ஆனால் 15 நிமிடத்துக்குக் குறைந்த காத்திருப்பை மட்டுமே வேலைநேரம் என்றது. அதைத் தாண்டி நின்றால் அது வேலை அல்ல. அதாவது, எவ்வளவுக்கெவ்வளவு அதிகமாக நிற்கவைக்கப்படுகிறானோ அவ்வளவுக்கவ்வளவு அவன் உழைப்பு சட்டத்தின் கண்ணிலிருந்து மறைகிறது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சட்டம் அவற்றுள் கரைந்துபோயிற்று.

உள்ளே நிற்பவர்களின் கதை என்ன? கோழிக்கோட்டில் ‘பெண்கூட்டு’ விஜியும் துணிக்கடைப் பெண்களும் உட்காரும் உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் திருத்தியது. கடை ஊழியருக்கு நாற்காலி உரிமையாயிற்று. நல்லது. ஆனால் அந்த உரிமை அந்தக் கடையின் ஊழியருக்கானது. பார்சலுக்காக வாசலில் நிற்கும் டெலிவரிப் பையன் அந்தக் கடையின் ஊழியர் அல்லவே! செயலி நிறுவனமோ அவரை ஊழியர் என்றே சொல்வதில்லை, ‘பார்ட்னர்’ என்கிறது. ‘ஓரமா நில்லு தம்பி’ என்று அவரிடம் சொல்பவர், நேற்றுவரை உட்கார உரிமையில்லாமல் நின்றவர்தான்.

செயலியில் கடிகாரம் இருவர்மீதும் ஓடுகிறது. சமையற்கட்டுக்கும் கெடு, வண்டிக்கும் கெடு. வாடிக்கையாளர் இருவருக்கும் நட்சத்திரம் போடுகிறார். கூலி பெரும்பாலும் ஆர்டர் கணக்கில் என்பதால், தாமதத்தின் சுமை வாசலில் நிற்பவர் தலையில் விழுகிறது. அவர் உள்ளே இருப்பவரிடம் எரிந்துவிழுகிறார். கோபம் போய்ச்சேர வேண்டிய முகவரி வேறு. 2022 செப்டம்பரில் சென்னை ஸ்விக்கி ஊழியர்கள் புதிய கூலிமுறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது அந்த முகவரியைச் சரியாகவே எழுதினார்கள்: கோரிக்கை நிறுவனத்தை நோக்கி இருந்தது, ஓட்டல் கவுன்ட்டரை நோக்கி அல்ல.

2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இவர்களுக்கு நல வாரியம் அமைத்தது. 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் குளிரூட்டப்பட்ட ஓய்வறை திறந்தது. இவை வேண்டியவையே. ஆனால் ஓய்வறை, காத்திருப்பை வேலைக்கு வெளியே வைக்கிறது. கேட்கவேண்டியது காத்திருப்புக்குக் கூலி. சரக்கு இறங்கும்வரை நிற்பது வேலை, பார்சல் கட்டும்வரை நிற்பதும் வேலை என்று எழுதவைக்க வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு டீ, ‘உக்காருங்கண்ணே’ என்கிற வார்த்தை எல்லாம் நம் கடைகளில் இன்னும் இருக்கின்றன. அவை சிறியவை அல்ல. ஆனால் மரியாதையை இருவருடைய நல்ல குணத்திடம் மட்டும் விட்டுவைத்தால், கல்லாவுக்கு அது ஒரு காசும் செலவில்லாத ஏற்பாடாகவே இருக்கும். கடை ஊழியர் சங்கமும் டெலிவரித் தொழிலாளர் சங்கமும் ஒரே கோரிக்கைத் தாளில் கையெழுத்திட முடியுமா என்பதுதான் இன்று நம்முன் உள்ள கேள்வி.