துப்பாக்கியின் முழக்கத்தை அடக்கிய கருவி

ஒரு கருவியைக் கண்டுபிடித்தவரின் பெயரைச் சரித்திரம் போற்றி வைத்துக்கொள்கிறது. அக்கருவியை நாள்தோறும் துடைத்து, எண்ணெயிட்டு, பழுது நேராமல் காத்து வந்தவர்களைப் பற்றி அது பெரும்பாலும் பேசுவதில்லை. ஆயினும் ஒரு கண்டுபிடிப்பு நிலைத்து நின்றதா, நழுவி மறைந்ததா என்பதைப் பல சமயங்களில் முடிவு செய்தது இந்தப் பராமரிப்புதான். ரைஃபிள் துப்பாக்கியின் முனையில் பூட்டப்படும் சைலன்சரின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். மோட்டார் வண்டியின் புகைக்குழாயில் உள்ள சைலன்சரை நேயர்கள் அனைவரும் அறிவர். துப்பாக்கியின் சைலன்சரும் ஏறத்தாழ அதே தத்துவத்தில் இயங்குவதுதான். ஆனால் இதனை 'மௌனமாக்கும் கருவி' என்று தமிழில் பெயர்த்தோமானால் உண்மைக்குப் புறம்பாகிவிடும். ஒலியை அது ஒழிப்பதில்லை, குறைக்கிறது. ஆதலின் 'ஒலியடக்கி' என்பதே பொருத்தமான பெயர் என்பது நமது கருத்து.

இதன் கதை ஒரு குடும்பத்தின் கதையும் ஆகும். ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் என்பவர் 1840-இல் அமெரிக்காவில் பிறந்து, பின்னர் இங்கிலாந்தில் குடியேறியவர். 1884-ஆம் ஆண்டளவில் தானாகவே தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கியை அவர் உருவாக்கினார். அதன் முழக்கத்தினருகே பல ஆண்டுகள் கழித்ததன் பயனாக முதுமையில் அவருடைய செவிப்புலன் பெரிதும் மங்கிப்போயிற்று. அவர் மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் அமெரிக்காவிலேயே வளர்ந்து, பொறியியல் கற்று, ஹார்ட்ஃபோர்டு நகரில் மோட்டார் வண்டித் தொழிலில் ஈடுபட்டார். தந்தை முழக்கத்தைப் பெருக்கினார் எனில், அதனை அடக்கும் கருவிக்கு 1909-இல் காப்புரிமை பெற்றவர் மகனே. வானொலி அன்பர்களுக்கு இவர் மற்றொரு வகையிலும் உறவினர். அமெரிக்காவின் அமெச்சூர் வானொலிச் சங்கத்தை 1914-இல் நிறுவியவர்களுள் இவரும் ஒருவர்.

துப்பாக்கி வெடிக்கும்போது எழும் ஓசை ஒன்றல்ல, இரண்டு. குழலின் முனையில் மிகுந்த அழுத்தத்தோடு வெளிப்படும் வெப்பவாயு திடீரென விரிவதால் எழுவது ஒன்று. ஒலியினும் விரைந்து செல்லும் குண்டு காற்றைக் கிழிப்பதால் எழுவது மற்றொன்று. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ரைஃபிள் குண்டோ அதைப்போல் இரு மடங்குக்கு மேலும் விரையக்கூடியது. ஒலியடக்கியின் உள்ளே அடுக்கப்பட்டிருக்கும் தடைத் தகடுகள் வாயுவைச் சுழலவிட்டு, குளிரவைத்து, மெல்ல வெளியேற்றுகின்றன. எனவே முதல் ஓசை தணிகிறது. இரண்டாவது ஓசை அப்படியே நிற்கிறது.

வாயுவின் வெப்பமும் விசையும் எங்கே போயின? அவற்றை அந்தச் சிறு உருளையே ஏற்றுக்கொள்கிறது. இக்கருவியின் ஆயுட்பிரச்சினை முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

மாக்சிமின் ஒலியடக்கியை அமெரிக்க ராணுவம் தன் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் பூட்டிச் சோதித்தது. சிறு அளவில் வாங்கவும் செய்தது. ஆனால் அக்காலத் தோட்டாக்களில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருளில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தது. சுட்டபின் எஞ்சும் உப்பு, கறியுப்பைப்போல் ஈரத்தை இழுத்து எஃகைத் துருவேற்றும். இதனாற்றான் அந்நாளையச் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவினர். குழலுக்குள் துணியைச் செலுத்தித் துடைக்கலாம். தகடுகள் நெருங்க அடுக்கிய உருளைக்குள் துணி நுழையாது. கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் உப்பும் கரியும் தங்கி, வெளியே பளபளக்கும் கருவியை உள்ளிருந்து அரித்தன. முனையில் பூட்டிய மரை சற்றே தளர்ந்தாலும் குண்டு தகட்டில் உராய்ந்து கருவியைச் சிதைத்துவிடும்.

1934-இல் அமெரிக்கா இயற்றிய தேசியத் துப்பாக்கிச் சட்டம் ஒவ்வோர் ஒலியடக்கியின் கைமாற்றத்துக்கும் 200 டாலர் வரி விதித்தது. அன்றைய நிலையில் கருவியின் விலையைவிடப் பன்மடங்கான தொகை அது. (அந்த வரியை 2025-ஆம் ஆண்டுச் சட்டம், 2026 ஜனவரி முதல் செயற்படுமாறு நீக்கியது.) புதியதை வாங்குவது அரிதானபோது, கையிலுள்ளது ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பிறந்தது. நார்வே, பின்லாந்து முதலிய நாடுகளிலோ அது வேட்டைக்காரரின் சாதாரணத் தளவாடமாயிற்று. ஒரே கருவியின் ஆயுளைப் பற்றிய எண்ணம், சட்டத்துக்கேற்ப நாட்டுக்கு நாடு வேறுபடுவது இவ்விதமே.

இரண்டாம் உலக யுத்தத்தில் இங்கிலாந்து இரண்டு மாறுபட்ட வழிகளைக் கையாண்டது. இரகசியப் பணியாளர்களுக்காக உருவான வெல்ராடு கைத்துப்பாக்கியில், குண்டு துளைத்துச் செல்லும் ரப்பர் வில்லைகள் வைக்கப்பட்டன. ஓசை மிகவும் தணிந்தது. ஆனால் சில தோட்டாக்கள் சுட்டதுமே வில்லைகள் கிழிந்து பயனற்றுப்போயின. ஸ்டென் துப்பாக்கியின் ஒலியடக்கி வெப்பத்தால் கையைச் சுடுமாதலின் அதற்குக் கித்தான் உறை போர்த்தினர். தொடர்ந்து சுடாமல் ஒவ்வொன்றாகச் சுடவேண்டும் என்றும் அறிவுறுத்தினர்.

மற்றொரு வழி டி லைல் கார்பைன் என்பது. லீ என்ஃபீல்டு ரைஃபிளின் இயக்கப் பகுதியை எடுத்து, அதில் ஒலியினும் மெதுவாகச் செல்லும் .45 கைத்துப்பாக்கித் தோட்டாவைப் பொருத்தி, பருத்த ஒலியடக்கி ஒன்றையும் இணைத்தனர். வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையில் நெடுங்காலம் உற்பத்தியான அதே லீ என்ஃபீல்டு இனம்தான் இது. அங்கே உழைத்த தமிழ்க் குடும்பத்தினருக்கு அதன் அமைப்பு புதிதாக இராது. இக்கார்பைனில் ரப்பர் இல்லை. உலோகத் தகடுகள் மட்டுமே. தோட்டாவின் அழுத்தமும் குறைவு. எனவே அதிக ஓசையின்றி, அதிகத் தேய்மானமும் இன்றி அது உழைத்தது. செய்யப்பட்டவை சில நூறுகூட இல்லாதபோதிலும், ஆயுத வரலாற்றில் அதற்கு நற்பெயர் நிலைத்துவிட்டது.

யுத்தத்துக்குப் பிந்திய பல பத்தாண்டுகளில் உலோகவியல் இதற்கு உதவியாயிற்று. ஜெட் விமான எஞ்சினுக்கென வளர்ந்த நிக்கல் கலவையான இன்கோனல், வெப்பத்திலும் வலுக் குன்றாத ஸ்டெல்லைட், எடை குறைந்த டைட்டானியம் ஆகியவை எஃகோடு சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. டைட்டானியம் தோளுக்கு இலகு. ஆனால் தொடர்ந்து சுட்டு மிகவும் சூடேறினால் விரைவில் தேய்ந்து பொறி பறக்கும். இன்கோனல் தாங்கும், ஆனால் கனக்கும். எவ்வுலோகமாயினும் முதலில் அரிப்புக்குள்ளாவது குழல்முனைக்கு அடுத்த முதல் தகடே. குழல் குறுகக் குறுக, எரிந்து முடியாத வெடிமருந்தும் சேர்ந்து அதைத் தாக்குகிறது.

பராமரிப்பிலும் இருவகை உண்டு. .22 அளவுள்ள சிறு தோட்டாவின் குண்டு பெரும்பாலும் மேலுறையற்ற ஈயம். அதன் ஈயமும் மெழுகும் தகடுகளில் படிந்து இறுகிவிடும். ஆதலின் அவ்வகை ஒலியடக்கிகள் கழற்றித் துடைக்கத்தக்கவாறு அமைகின்றன. ஈயத்தைக் கரைக்கக் காடி முதலிய அமிலங்களைச் சேர்ப்போர், தோலின் வழியேயும் ஊறக்கூடிய நச்சு உப்பை உண்டாக்கிவிடுகின்றனர். பெரிய ரைஃபிளின் வாயுவோ படிவின் பெரும்பகுதியைத் தானே அடித்துச் சென்றுவிடும். அதனால் அவ்வகை பலவும் திறக்க முடியாதபடி பற்றவைக்கப்பட்டவை. அவற்றுக்கு வேண்டுவன மரையைத் துடைத்தல், குழலோடு ஒரே நேர்க்கோட்டில் நிற்கிறதா எனப் பார்த்தல், சுட்டபின் ஈரம் உலரவிடுதல் ஆகியவை. உள்ளே சேரும் கரியால் எடை கூடுவதை நிறுத்துப் பார்த்து அறிவதும் உண்டு.

இவ்வளவு சிரமமும் எதற்காக? திரைப்படங்கள் இதைக் கொலைகாரனின் கருவியாகவே காட்டிப் பழக்கிவிட்டன. உண்மையில் இன்று ராணுவங்கள் இதனை நாடுவதற்கு ஒரு முக்கியக் காரணம் செவியே. ரைஃபிளின் முழக்கம் ஏறத்தாழ 160 டெசிபல். ஒரே வெடியில் செவிக்கு ஊறு விளைவிக்கும் எல்லையாகக் கொள்ளப்படுவது 140 டெசிபல். ஒலியடக்கி பொதுவாக 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கிறது. அமெரிக்க மரைன் படை 2020-இன் இறுதியில் தன் காலாட்படையினருக்குப் பரவலாக இதை வழங்கத் தொடங்கியது. ஒருபுறம் தங்கும் வாயு பின்னோக்கி வந்து சுடுபவரின் முகத்தில் படுவது இன்னும் தீராத குறை; வாயுவை முன்னோக்கி எளிதில் வழியவிடும் புதிய அமைப்புகள் அதன் பொருட்டே தோன்றின.

மூத்த மாக்சிம் 1916-இல் காலமானார், மகன் 1936-இல். தந்தை இழந்த செவிப்புலனை மகனின் கருவியால் மீட்க இயலவில்லை. ஆனால் பின்வந்த வீரர்கள் பலரின் செவியை அது காத்தது. அதுவும், உள்ளே தேய்ந்த தகட்டையும் தளர்ந்த மரையையும் உரிய காலத்தில் கண்டறிந்த கைகள் இருந்த இடத்தில்தான் காத்தது. தேய்ந்துபோன ஒலியடக்கியைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். மனிதனின் செவிக்கு அவ்வாறு மாற்று இல்லை. ஆகவே பராமரிப்பைச் சிறு வேலையென்று எண்ணாதிருத்தல் நலம்.