பெட்டிக்கு முந்திய தேனீ

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேனின் கதையை யார் சொன்னாலும் மார்த்தாண்டத்தில்தான் தொடங்குகிறார்கள். 1920களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச், ஏழை உழவர்களுக்குத் தேனீ வளர்ப்பை உபதொழிலாகக் கற்பித்தார். நம் அடுக்குத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை அதற்கு முன்பே அருட்தந்தை நியூட்டன் வடிவமைத்திருந்தார். பின்னாளில் ரப்பர் தோட்டங்கள் பெருகி, தளிர்க்காம்புகளில் சுரக்கும் மதுரம் பெட்டிகளை நிறைத்தது. இவ்வளவும் உண்மை, ஆனால் இது விற்பனைத் தேனின் வரலாறு. தேனீயை வீட்டோடு வைத்துப் பேணும் வழக்கம் இதற்கு மூத்தது, அதைக் கற்றுத்தந்தது கொசுத்தேனீ என்பதே என் வாதம்.

முதல் சான்று அந்தப் பூச்சியின் வாழ்க்கைதான். கொட்டாது, உடல் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். மண்சுவர் இடுக்கிலோ மரப்பொந்திலோ குடியேறி, வாசலில் பிசினால் ஒரு சிறு குழாய் நீட்டும். உள்ளே தேனடை இராது. மெழுகும் பிசினும் குழைத்த சின்னஞ்சிறு குடங்கள் திராட்சைக் குலைபோல ஒட்டிக் கிடக்கும், தேன் அவற்றில் இருக்கும். மார்த்தாண்டம் கற்பித்த சட்டமும் தேன் பிழியும் சுழல்கருவியும் இந்தக் குடங்களுக்கு உதவா. ஆகவே, மண்பானை, மூங்கில்குழாய், சிரட்டை கொண்டு இதை வளர்க்கும் முறை அந்தப் பாடத்திலிருந்து கிளைத்ததாக இருக்க முடியாது. அதே பானையும் மூங்கிலும் எல்லைக்கு அப்பால் கேரளத்திலும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டமும் தென்கேரளமும் திருவிதாங்கூரின் வழிவந்த ஒரே மாநிலத்தில் இருந்தன. வழக்கம் எல்லைக்கு மூத்தது என்று கொள்வதே பொருத்தம்.

சுவரில் தானாக வந்த கூட்டை விட்டுவைப்பது வளர்ப்பாகுமா என்று கேட்கலாம். சுவரோடு நின்றால் ஆகாதுதான். ஆனால் கூட்டின் வாசலில் வெறும் பானையைப் பொருத்தி, இடைவெளியை மண்ணால் அடைத்து, தேனீக்கள் பானை வழியே போய்வரச் செய்து, மாதக்கணக்கில் காத்திருந்து அதையே வீடாக்குவது திட்டமிட்ட வேலை. ஆண்டுக்குச் சில நூறு கிராம் கிடைப்பதெல்லாம் தொழிலா என்பது அடுத்த கேள்வி. மருந்துக்கென்று வைத்த கொசுத்தேனீயின் தேனை எடைக்கல்லால் அளப்பது தவறு. விளையில் நிற்கும் துளசியை யாரும் அப்படி அளப்பதில்லை. பழைய முறையில் குறை இல்லாமலில்லை: பானையை உடைத்துப் பிழியும்போது புழுக்களும் நசுங்கின. புழுவைக் காத்துத் தேனை மட்டும் எடுக்கும் பாங்கு பெட்டி வளர்ப்பு தந்த கொடை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் நோய் அடுக்குத் தேனீக்களை அழித்துப் பெட்டிகளைக் காலியாக்கியபோது, தேன் தொழிலே முடிந்தது என்று எழுதியவர்கள் பானைகளைக் கணக்கில் எடுக்கவே இல்லை.