ஒரு வீக்கமும் இரண்டு உறுப்புகளும்

உடலில் நீர் தேங்கிக் கால்களும் வயிறும் வீங்கும் நிலைக்கு ஆங்கில மருத்துவர்கள் பல நூற்றாண்டுகளாக வழங்கிய பெயர் 'டிராப்ஸி'. நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியில் பிறந்த அச்சொல், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தை அடைந்தபோது தன் முதலசையை இழந்தது. அது கண்ணுக்குத் தெரிந்த அறிகுறியின் பெயர் மட்டுமே. பழுதுற்ற உறுப்பு எது என்பதை அது சுட்டவில்லை.

1785இல் பர்மிங்காம் மருத்துவர் வில்லியம் விதரிங், டிஜிட்டாலிஸ் செடியின் இலையால் இவ்வீக்கம் வடிவதை நோயாளிகளின் விவரங்களோடு நூலாக வெளியிட்டார். அம்மருந்து இதயத்துடிப்பைத் தணிப்பதையும் அவர் கண்டார். ஆயினும் அவர் முதன்மையாகக் கருதியது, அது சிறுநீரைப் பெருக்கும் ஆற்றலையே.

1827இல் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரைட், வீக்கமுற்றோர் சிலரின் சிறுநீரைச் சூடாக்கும்போது அதிலுள்ள புரதம் உறைவதையும், இறந்தபின் அவர்களது சிறுநீரகங்கள் சிதைந்திருக்கக் காணப்பட்டதையும் இணைத்துக் காட்டினார். அதன்பின் 'டிராப்ஸி' என்னும் ஒற்றைப்பெயர் மெல்லக் கலைந்தது. இதயத்தால் வரும் வீக்கம் வேறு, சிறுநீரகத்தால் வரும் வீக்கம் வேறு என்றாயிற்று. நோயறிதலுக்கு இது பெரும் வெற்றி. எனினும் இரண்டும் ஒருசேர நலியும் நோயாளியை விளக்க அப்பகுப்பு மட்டும் போதவில்லை. சிறுநீரக நோயாளிகள் பலரின் இதயம் பருத்திருப்பதை 1836இல் குறித்தவரும் அதே பிரைட்தான்.

இதயம் தளரும்போது சிறுநீரகம் ஏன் நலிகிறது? ஓய்வுநிலையில் இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. ஆகவே வரத்துக் குறைவதே காரணம் என்னும் விளக்கம் நெடுங்காலம் மேலோங்கியிருந்தது. ஆனால் 1931இலேயே வின்டன் என்னும் உடலியங்கியல் அறிஞர், உடலிலிருந்து பிரித்தெடுத்த நாயின் சிறுநீரகத்தில் சிரை அழுத்தத்தை உயர்த்தியபோது சிறுநீர் குறைவதைக் காட்டியிருந்தார். வரத்து மட்டுமன்று, வடிகால் அடைபடுவதும் சிறுநீரகத்தை நலிவிக்கும் என்பதே அதன் பொருள்.

இவ்வுண்மை மருத்துவமனைப் படுக்கையருகே மீண்டும் அழுத்தம்பெற முக்கால் நூற்றாண்டு கடந்தது. 2008இல் கிளாடியோ ரோன்கோவும் உடனாய்வாளர்களும் இதய–சிறுநீரக நோய்த்தொகுதியை ஐந்து வகைகளாகப் பகுத்தனர். மறுஆண்டு, முற்றிய இதயச் செயலிழப்புடைய 145 நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்று, சிறுநீரகச் செயல்பாடு மோசமடைவதோடு மிக நெருங்கிய தொடர்புடையது உயர்ந்த சிரை அழுத்தமே என்று கண்டது.

இவ்வரலாறு ஏட்டோடு நிற்பதன்று. சிகிச்சையின் நடுவே கிரியேட்டினின் உயரும்போது, நீர்நீக்கும் மருந்தைக் குறைப்பதா தொடர்வதா என்று மருத்துவர் முடிவெடுத்தாக வேண்டும். வரத்துக் குறைவுதான் காரணமெனில் குறைப்பது காக்கும். தேக்கமே காரணமெனில் குறைப்பது கெடுக்கும். அறிகுறி ஒன்றே, காரணம் இரண்டு. 'டிராப்ஸி' என்ற சொல் மறைத்து வைத்திருந்த அதே சிக்கல், இன்று ஓர் எண்ணின் வடிவில் நோயாளியின் படுக்கையருகே மீண்டும் நிற்கிறது.